கடவுச்சொல்லை எந்தக் கோப்பில் எழுதுவது?
(இணையச் செயலியின் அமைவுக் கோப்பு பற்றி ஒரு பாடம்)



நம் ஆண்டிதழில் இலக்கியம், வரலாறு, தமிழ்ப்பள்ளிகளின் நிலை ஆகியவை பற்றிக் கட்டுரைகள் வருவது வழக்கம். நான் எழுத வந்திருப்பது பத்து வரிகூட இல்லாத ஒரு கோப்பைப் பற்றி. நம் கழகத்தின் இணையத்தளம் எந்தத் தரவுத்தளத்தோடு, எந்தப் பெயரில், எந்தக் கடவுச்சொல்லோடு பேச வேண்டும் என்பதைச் சொல்லும் கோப்பு அது. அதனை ‘அமைவுக் கோப்பு’ என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன். தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன என்னைப் போன்றோர் தரவுத்தளத்தைப் ‘பங்காலான் டாத்தா’ என்றும் கடவுச்சொல்லைக் ‘காத்தா லாலுவான்’ என்றும்தான் முதலில் கற்றோம். ஆகவே, கலைச்சொல் வரும் இடங்களில் அதன் பொருளையும் சேர்த்தே சொல்லிச் செல்கிறேன். கணினித் துறை அல்லாதவர்களும் அஞ்ச வேண்டாம். மளிகைப் பட்டியல் எழுதத் தெரிந்தவருக்கு அமைவுக் கோப்பும் புரியும்.

இப்பாடத்தை நான் வகுப்பறையில் கற்கவில்லை. 2024 மார்ச்சில் ஓர் இரவு, மாணவர் விடுதியில், என் சொந்தத் தவற்றின் வழியாகக் கற்றேன்.

அன்றிரவு நடந்தது

புதிய செயலவை பொறுப்பேற்ற வாரம் அது. இணையத்தளப் பொறுப்பு என்னிடம் வந்தது. பொறுப்பு மாறினால் கடவுச்சொல்லும் மாற வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். பழைய கடவுச்சொல் ஒரு தேதி: 09082019. நானும் அதே வழியில், நாங்கள் பொறுப்பேற்ற தேதியையே வைத்தேன்: 05032024. (தேதியைக் கடவுச்சொல்லாக வைப்பதே முதல் தவறு. இவ்விரண்டும் இன்று எங்கும் பயன்பாட்டில் இல்லை என்பதால் துணிந்து எழுதுகிறேன்.) தரவுத்தளத்தில் கடவுச்சொல்லை மாற்றினேன், அமைவுக் கோப்பிலும் மாற்றினேன், தளத்தை மறுபடி இயக்கினேன். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தது.

மறுநாள் காலை விழாவுக்கான பதிவு தொடங்க வேண்டும். எட்டு இலக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் பத்து முறை சரிபார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே எண்தான் இருந்தது. நள்ளிரவு தாண்டி, முன்பு இத்தளத்தைக் கவனித்துக்கொண்ட அக்கா ஒருவரைக் கைப்பேசியில் அழைத்தேன். அவர் இப்போது பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறார். தூக்கக் கலக்கத்திலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தம்பி, அந்த நம்பருக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டியா?”

“இல்லக்கா. பழசுக்கும் இல்லையே!”

“பழசுல எட்டும் ஒன்பதும் இருந்துச்சு. அதான் தப்பிச்சிச்சு. குறியப் போட்டுப் பாரு.”

போட்டேன். தளம் எழுந்து நின்றது. மகிழ்ச்சியைவிடக் குழப்பமே மிகுந்திருந்தது. ஓர் எண்ணில் எட்டும் ஒன்பதும் இருப்பதற்கும் கதவு திறப்பதற்கும் என்ன தொடர்பு?

யாமல் செய்த மொழிபெயர்ப்பு

எங்கள் கோப்பு ‘யாமல்’ என்னும் வடிவத்தில் எழுதப்பட்டிருந்தது. ஏறக்குறைய இப்படி இருக்கும். (படிக்க எளிதாகப் பெயர்களைத் தமிழில் தந்திருக்கிறேன். உண்மைக் கோப்பில் அவற்றை ஏன் ஆங்கில எழுத்தில் வைக்க வேண்டும் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.)

தரவுத்தளம்:
  பயனர்: கழகம்
  கடவுச்சொல்: 05032024

பார்க்க எவ்வளவு தூய்மையாக இருக்கிறது! அடைப்புக்குறி இல்லை, மேற்கோள் இல்லை. 2001இல் பிறந்த யாமலின் நோக்கமே மனிதக் கண்ணுக்கு இதமாக இருப்பதுதான். ஆனால் மேற்கோள் இல்லாத இடத்தில், எழுதியிருப்பது எண்ணா, சொல்லா, ஆம்-இல்லை விடையா என்பதைப் படிக்கும் நிரல் தானே ஊகித்துக்கொள்கிறது. பைத்தான் மொழியில் பரவலாகப் பயன்படும் ‘பையாமல்’ தொகுப்பு, யாமலின் 1.1 பதிப்பு விதிகளைப் பின்பற்றுகிறது. அவ்விதிப்படி, பூச்சியத்தில் தொடங்கி 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே கொண்ட ஓர் எண், எட்டடிமான எண்ணாகக் கொள்ளப்படும். அதாவது பத்து பத்தாக எண்ணாமல் எட்டு எட்டாக எண்ணும் முறை. எனவே என் 05032024, நிரலின் உள்ளே 1324052 ஆகிவிட்டது. தரவுத்தளத்தின் கதவைத் தட்டியபோது என் நிரல் சொன்னது அந்த எண்ணைத்தான். பழைய 09082019இல் 9உம் 8உம் இருந்தன. எட்டடிமானத்தில் அவ்விலக்கங்களே கிடையாது. ஆகவே அது எண்ணாகாமல் வெறும் எழுத்துத் தொடராகவே தங்கியது. முன்னிருந்தவர்களின் கோப்பு ஐந்து ஆண்டுகள் ஓடியது திறமையால் அல்ல, தற்செயலால்.

2009இல் வந்த யாமல் 1.2 இந்த எட்டடிமான விதியை மாற்றியது. ஆனாலும் மேற்கோள் இல்லையென்றால் அதே எண் 5032024 ஆகிவிடும். முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். ஒரே கோப்பை இரு நிரல்கள் படித்தால் இரு கடவுச்சொற்கள்! இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புகழ்பெற்ற சிக்கலுக்கு ‘நார்வேச் சிக்கல்’ என்று பெயர். நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு ‘என், ஓ’. யாமல் 1.1 அதனை ‘நோ’ என்று படித்து, ‘இல்லை’ என்ற விடையாக மாற்றிவிடும். நாடுகளின் பட்டியலில் நார்வே இருந்த இடத்தில் ‘பொய்’ என்று நிற்கும்.

பூச்சியத்தில் தொடங்கும் எண்கள் நமக்கு அன்றாடம். பினாங்கின் தொலைபேசிக் குறியீடு 04. இவ்வாண்டு இறுதியாண்டில் இருக்கும் என் போன்றோரின் அடையாள அட்டை எண்ணும் 04 என்றே தொடங்குகிறது. இவை கணக்குப் போடும் எண்கள் அல்ல. எண்ணுருவில் எழுதப்பட்ட பெயர்கள். இவற்றை எண்ணாகக் கருதும் எந்தக் கோப்பும் நமக்கு ஆபத்தானது.

ஆறு வடிவங்கள்

அதன் பிறகு நான் மற்ற வடிவங்களையும் படித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் சோதித்தேன்: நான் தவறாக எழுதினால் இது என்ன செய்யும்? தவற்றைச் சுட்டிக்காட்டி நிற்குமா, அல்லது வாய்மூடி வேறு பொருள் கொண்டு நகர்ந்துவிடுமா?

1. ஐ.என்.ஐ. கோப்பு. பழைய விண்டோஸ் காலத்திலிருந்தே புழங்கும் வடிவம். தலைப்பைச் சதுர அடைப்புக்குள் இட்டு, கீழே ‘பெயர் = மதிப்பு’ என்று எழுதுவது. கற்க மிக எளிது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே இலக்கணம் இதற்கு இல்லை. பி.எச்.பி. மொழி இதனைப் படிக்கும்போது, மேற்கோள் இல்லாத ‘நோ’, ‘ஆஃப்’, ‘நன்’ போன்ற சொற்களை வெற்றிடமாக மாற்றிவிடுகிறது. வியப்புக்குறி, அடைப்புக்குறி போன்றவற்றுக்கும் தனிப்பொருள் உண்டு. வலுவான கடவுச்சொல்லில் இருப்பவை இக்குறிகள்தாமே!

2. எக்ஸ்.எம்.எல். உலகளாவிய வலை அமைப்பான டபிள்யூ3சி 1998இல் வெளியிட்ட தரம். எழுதப்பட்ட அனைத்தும் எழுத்தாகவே கொள்ளப்படும், ஊகம் கிடையாது. மூடாத குறி ஒன்று இருந்தாலும் பிழை காட்டி நிற்கும். நம்பகமான வடிவம்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் திறக்கும் குறி, மூடும் குறி என்று எழுதுவதற்குள் கை சோர்ந்துவிடும்.

3. ஜேசன். டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2000-களின் தொடக்கத்தில் பரப்பிய வடிவம். எழுத்துத் தொடர் என்றால் மேற்கோள் கட்டாயம். மேற்கோள் இல்லாமல் 05032024 என்று எழுதினால், எண் பூச்சியத்தில் தொடங்கக்கூடாது என்று மறுத்துவிடும். கண்டிப்பான ஆசிரியர்! ஆனால் அதில் குறிப்புரை எழுத இடமில்லை. ‘இதை மாற்றாதே, ஏனென்றால்…’ என்று அடுத்த ஆண்டுக்காரருக்கு ஒரு வரி எழுதிவைக்க முடியாது. கடைசி உறுப்புக்குப் பின் ஒரு காற்புள்ளி கூடுதலாக விழுந்தாலும் ஏற்காது.

4. ‘.என்வ்’ கோப்பு. ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் 2011இல் வெளியிட்ட ‘பன்னிரு கூறுகள்’ என்னும் வழிகாட்டி, கடவுச்சொல் போன்றவற்றை நிரலில் எழுதாமல், நிரல் இயங்கும் சூழலிலிருந்து தரவேண்டும் என்றது. அந்தப் பழக்கத்தின் வழியே பரவியது இக்கோப்பு. நல்ல கொள்கை. ஆனால் கோப்பின் இலக்கணத்துக்குப் பொதுத்தரம் இல்லை. மேற்கோள் இல்லாத கடவுச்சொல்லின் நடுவே ‘#’ வந்தால், பல தொகுப்புகள் அதற்குப் பின் உள்ளதைக் குறிப்புரை என்று வெட்டிவிடும். சில தொகுப்புகள் வெட்டாது. பாதிக் கடவுச்சொல்லோடு நிரல் அமைதியாகப் போய் நிற்கும்.

5. நிரலே கோப்பு. வேர்ட்பிரஸ் தன் அமைவைப் பி.எச்.பி. கோப்பிலும், ஜேங்கோ பைத்தான் கோப்பிலும் வைக்கின்றன. பி.எச்.பி. கோப்பில் ஒரு நன்மை உண்டு. யாராவது உலாவியில் அதன் முகவரியைத் தட்டினால், சேவையகம் அதனை இயக்கும், உள்ளடக்கத்தைக் காட்டாது. ஆனால் அதே கோப்பைத் திருத்தும் முன் ‘பேக்’ என்று பெயர் நீட்டிப் படியெடுத்து அங்கேயே விட்டால், அந்தப் படி வெறும் உரையாகவே வெளியே தெரியக்கூடும். மேலும், நிரலாக்கம் அறியாத செயலவை உறுப்பினர் ஓர் அரைப்புள்ளியை அழித்தால் தளம் முழுவதும் விழும்.

6. டாமல். கிட்ஹப் நிறுவனர்களுள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் 2013இல் தொடங்கியது. 1.0 பதிப்பு 2021 ஜனவரியில் வந்தது. ஐ.என்.ஐ. போலவே எளிய தோற்றம். ஆனால் ஜேசன் போலக் கண்டிப்பு. எழுத்துத் தொடருக்கு மேற்கோள் கட்டாயம். பூச்சியத்தில் தொடங்கும் எண்ணுக்கு அனுமதி இல்லை. குறிப்புரைக்கு இடம் உண்டு. பைத்தான் 3.11 பதிப்பில் (2022 அக்டோபர்) இதனைப் படிக்கும் கருவி மொழியோடே சேர்க்கப்பட்டது. ஆகவே வெளியிலிருந்து எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். புலனத்தில் வந்த செய்தியிலிருந்தோ வேர்ட் ஆவணத்திலிருந்தோ அமைவை நகலெடுத்து ஒட்டினால், நேர் மேற்கோள் குறி சில வேளைகளில் வளைந்த மேற்கோள் குறியாகிவிடும். யாமல் அவ்வளைந்த குறிகளையும் கடவுச்சொல்லின் பகுதி என்று நினைத்து ஏற்றுக்கொண்டது. ஜேசனும் டாமலும் எந்த வரியில், எந்த இடத்தில் பிழை என்று காட்டி நின்றன.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்கள்

தமிழ்த் தளம் நடத்துவோர் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அமைவுக் கோப்பில் உள்ள எழுத்துக் குறியேற்றம் என்னும் வரி. எழுத்தைக் கணினி எந்த எண்ணாகச் சேமிக்கிறது என்பதே குறியேற்றம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் நெடுங்காலம் ‘லத்தீன்1’ என்பதையே இயல்பாகக் கொண்டிருந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் ‘யு.டி.எஃப்.8 எம்.பி.4’ இயல்பானது. இந்த ஒரு வரி தவறினால், நாம் சேமித்த கவிதை முழுவதும் கேள்விக்குறிகளாக மாறக்கூடும். அப்படி மாறியதை மீட்க வழியில்லை. மைஎஸ்க்யூஎல்லில் பழைய ‘யு.டி.எஃப்.8’ என்ற பெயர் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரை மட்டுமே இடம் தந்தது. தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்தான். ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள், மொத்தம் 15 பைட். ஆகவே நமக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் 2019இல் வெளியான யூனிகோட் 12.0 பதிப்பில், முந்திரி (320இல் ஒரு பங்கு) முதலான பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கு 4 பைட் வேண்டும். பழைய அமைப்பில் அக்குறி வரும் இடத்தில் பிழை எழும், அல்லது அங்கிருந்து மீதி உரை வெட்டுப்படும். கல்வெட்டுக் கணக்கு பற்றிய கட்டுரை ஒன்றை நம் தளத்தில் ஏற்ற வேண்டுமானால் அந்த ‘எம்.பி.4’ இன்றியமையாதது.

இரண்டாவது, கோப்பில் உள்ள பெயர்களைத் தமிழில் எழுதலாமா என்பது. யாமலும் ஜேசனும் அனுமதிக்கின்றன, டாமல் 1.0 மேற்கோளுக்குள் அனுமதிக்கிறது. எனக்கும் ஆசைதான். ‘தொடர்பு’ என்று பெயரிட்டுப் பார்த்தேன். அதிலுள்ள ‘தொ’வை யூனிகோடில் இருவகையாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேமிக்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டையும் நிகரானவை என்றே கொள்கிறது. ஆனால் அமைவுக் கோப்பைப் படிக்கும் நிரல் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவதால், ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லிவிடும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிழை தெரியாது. ஆகவே பெயர்களை ஆங்கில எழுத்தில் வைப்போம். விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவோம். தமிழ்ப்பற்றுக்கு இதனால் குறைவு வந்துவிடாது.

ஜாவா கற்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அங்குள்ள ‘பிராப்பர்ட்டீஸ்’ கோப்புகளில் நெடுங்காலம் தமிழை நேரடியாக எழுத முடியாமல், ஒவ்வோர் எழுத்துக்கும் எண் குறியீடு எழுத வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்புச் சொற்களுக்கான கோப்புகளுக்கு 2017இல் வந்த ஜாவா 9தான் அந்தத் தொல்லையை நீக்கியது.

வடிவத்தைவிடப் பெரிய கேள்வி

இனி, அன்றிரவு நடந்ததின் மறுபாதி. மேற்கோள் குறி இட்டுத் தளம் எழுந்ததும், மாற்றிய கோப்பை அப்படியே கிட்ஹப்பில் உள்ள எங்கள் நிரல் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள்தான் ஓர் ஐயம் எழுந்து, அக்களஞ்சியத்தின் பழைய பதிவுகளைப் புரட்டினேன். அது 2019 முதல் யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியம். பழைய கடவுச்சொல் அங்கே ஐந்து ஆண்டுகளாகத் திறந்து கிடந்தது. புதியதை அதே இடத்தில் திறந்து வைத்தவன் நானே.

அந்தத் தரவுத்தளத்தில் இருந்தவை கவிதைகளும் நிழற்படங்களும் மட்டுமல்ல. முன்னாள் மாணவர்களின் பெயர், கைப்பேசி எண், அடையாள அட்டை எண் ஆகியவையும் இருந்தன. தரவுத்தளம் அதே சேவையகத்திலிருந்து மட்டுமே அழைப்பை ஏற்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. யாரும் நுழைந்ததற்கான தடயம் எங்களுக்குத் தென்படவில்லை. ஆனால், தடயம் தென்படவில்லை என்பதை வைத்து எதுவும் நடக்கவில்லை என்று உறுதி கூற என்னால் முடியாது. இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

பெரிய நிறுவனங்களும் இவ்வாறு சறுக்கியிருக்கின்றன. 2016இல் ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் பயன்படுத்திய கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்த இருவர், அங்கு எழுதப்பட்டிருந்த சேமிப்பகச் சாவியை எடுத்துக்கொண்டனர். 5 கோடியே 70 இலட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்கள் கைமாறின. நிறுவனம் அதனை ஓராண்டுக்கும் மேலாக மறைத்து, 2017 நவம்பரில்தான் வெளியிட்டது. கவனிக்க: அது பூட்டிய, தனியார் களஞ்சியம். பூட்டிய அறை என்பதற்காகச் சாவியை மேசைமேல் வைக்கலாகாது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நம் மொழியிலேயே இருக்கிறது. 2003இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் தரவுத்தளப் பெயர் ‘டிஏவிக்கி’. அதனை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் அமைவுக் கோப்பு பி.எச்.பி.யில் எழுதப்படுவது. விக்கிமீடியா அறக்கட்டளை தன் விக்கிகளின் அமைவுக் கோப்புகளைப் பொதுவில் வெளியிட்டிருக்கிறது. எந்த விக்கிக்கு எந்த அமைவு என்பதை நீங்களும் நானும் இன்றே படிக்கலாம், திருத்தமும் முன்மொழியலாம். அப்படியானால் கடவுச்சொல்? அது மட்டும் தனிக் கோப்பில், வெளியிடப்படாத இடத்தில் இருக்கிறது. உலகமே படிக்கும் கோப்பு ஒன்று, ஒருவரும் படிக்கக்கூடாத கோப்பு ஒன்று என்று பிரித்துவிட்டார்கள். ‘பன்னிரு கூறுகள்’ வழிகாட்டி தரும் சோதனையும் இதுதான்: உன் நிரல் முழுவதையும் இந்த நொடியே உலகுக்குத் திறந்துவிட்டால், ஏதேனும் இரகசியம் வெளியாகுமா? ‘இல்லை’ என்று சொல்ல முடிந்தால் நீ சரியாகப் பிரித்திருக்கிறாய்.

நாங்கள் செய்த மாற்றங்கள்

முதல் வேலை, கடவுச்சொல்லை மாற்றியது. கோப்பைக் களஞ்சியத்திலிருந்து நீக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிட், பழைய பதிவுகள் அனைத்தையும் நினைவில் வைத்திருக்கும். இன்று அழித்தது நேற்றைய பக்கத்தில் அப்படியே இருக்கும். ஒரு முறை வெளியான கடவுச்சொல்லை இறந்ததாகவே கருத வேண்டும். புதியதைக் கணினியே உருவாக்கியது. அது யாருடைய பிறந்தநாளும் அல்ல.

அடுத்து, அமைவை இரண்டு டாமல் கோப்புகளாகப் பிரித்தோம். தரவுத்தளத்தின் பெயர், குறியேற்றம், நேர வலயம் முதலியவை பொதுக் கோப்பில். கடவுச்சொல் மட்டும் இரகசியக் கோப்பில்.

["தரவுத்தளம்"]
# குறியேற்றத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் தமிழ் கெடும்.
"குறியேற்றம்" = "யு.டி.எஃப்.8 எம்.பி.4"
"வாயில்" = 3306

இரகசியக் கோப்பு, சேவையகத்தில் இணையத்தளக் கோப்புறைக்கு வெளியே இருக்கிறது. நிரலை இயக்கும் பயனர் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி அதன் அனுமதி அமைக்கப்பட்டுள்ளது. களஞ்சியத்துக்குள் தவறியும் நுழையாதபடி அதன் பெயரை விலக்குப் பட்டியலிலும் சேர்த்தோம். அதற்குப் பதிலாக, கடவுச்சொல் இடம் வெறுமையாக உள்ள மாதிரிக் கோப்பு ஒன்று களஞ்சியத்தில் உண்டு. புதிதாக வருபவர் அதைப் படியெடுத்து நிரப்பினால் போதும்.

மூன்றாவதாக, தளம் தொடங்கும்போதே ஒரு சோதனை. அமைவைப் படித்து, ஒவ்வொரு மதிப்பும் எதிர்பார்த்த வகையைச் சேர்ந்ததா என்று பார்க்கும். பிறகு தரவுத்தளத்தில் ஒரு தமிழ்ச் சொல்லையும் முந்திரிக் குறியையும் எழுதி, மீண்டும் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று ஒப்பிடும். மாறுபட்டால் தளம் தொடங்காது. எங்கே தவறு என்று தமிழிலேயே சொல்லும். விழா நாள் காலையில் விழுவதைவிட, சோதித்த இரவிலேயே விழுவது நல்லது.

நான்காவது மாற்றம்தான் மிகச் சிறியது. ஆனால் எனக்கு மிக முக்கியமாகப்படுவது. அடையாள அட்டை எண் இருந்த பத்தியையே தரவுத்தளத்திலிருந்து அழித்துவிட்டோம். அது எதற்காகச் சேகரிக்கப்பட்டது என்று விசாரித்தபோது, பழைய படிவத்தில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கே உரியது. ஒரு மாணவர் கழகத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது வழக்கறிஞர்கள் பேச வேண்டியது. ஆனால் ஒருவர் நம்மை நம்பி எழுதிக் கொடுத்த எண்ணைக் காப்பதற்குச் சட்டம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேவையில்லாததை வைத்துக்கொள்ளாதிருப்பதே முதல் காவல்.

எந்த வடிவம் சிறந்தது?

‘அப்படியானால் டாமல்தான் சிறந்ததா?’ என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தளம் பைத்தானில் எழுதப்பட்டது. ஆண்டுதோறும் கை மாறுவது. திருத்துவோர் பலர் கணினித் துறையினர் அல்லர். அதனால் எங்களுக்கு அது பொருந்தியது. பி.எச்.பி. தளத்தில் பணிபுரியும் வல்லுநர் குழுவுக்குப் பி.எச்.பி. கோப்பே பொருந்தும். தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் பொருந்துகிறதே! யாமலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் உள்ள இடத்தில், எல்லா எழுத்துத் தொடருக்கும் மேற்கோள் இட்டுவிட்டால் பெரும்பாலான தொல்லைகள் நீங்கும். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை நம்மில் மிகக் குறைவாகப் பயிற்சி பெற்றவர் திருத்தினால் என்ன ஆகும்? தவறு நேர்ந்தால் கோப்பு குரல் கொடுக்குமா, மௌனம் காக்குமா? நாளை இதனை உலகமே பார்த்தாலும் நமக்குக் கவலை இல்லையா?

இக்கட்டுரையை எழுதும் இவ்வாண்டோடு நானும் விடைபெறுகிறேன். அடுத்து வரும் தம்பி தங்கைகளில் ஒருவர் நள்ளிரவில் அந்தப் பொதுக் கோப்பைத் திறக்கும்போது, முதல் வரியிலேயே ஒரு குறிப்பைப் பார்ப்பார்: ‘கடவுச்சொல் இங்கே இல்லை. பொறுப்பேற்கும் நாளில் நேரில் கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே மாற்றுங்கள்.’ அதற்குக் கீழே, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய முறையும் எழுதியிருக்கும். தூக்கக் கலக்கத்தோடு எடுப்பது நானாகத்தான் இருக்கும். தயங்காமல் அழையுங்கள்.